சென்னை – பலாலி: 356 கிலோமீட்டர்

இரண்டு ஊர்ப் பெயரைக் கொடுத்தால் தூரமும் விமான நேரமும் சொல்லும் இணையதளங்கள் நிறைய இருக்கின்றன. அவை நேரத்தைக் கண்டுபிடிக்கிற விதம் ரொம்ப சுலபம். இரண்டு ஊருக்கும் நடுவே நேர்தூரத்தை அளக்க வேண்டியது. அதை ஒரு ஜெட் விமானத்தின் சராசரி வேகத்தால், மணிக்கு 800 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், வகுக்க வேண்டியது. ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் சேர்க்க வேண்டியது. அவ்வளவுதான். சென்னை மீனம்பாக்கத்துக்கும் யாழ்ப்பாணம் பலாலிக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தூரம் 356 கி.மீ., நேரம் 57 நிமிடம்.

இந்தக் கணக்குக்கு வருஷம் தெரியாது. 1947-க்குப் போட்டாலும் 57 நிமிடம், 1995-க்குப் போட்டாலும் 57 நிமிடம். 1995-இல் சென்னையிலிருந்து பலாலிக்கு டிக்கெட்டே கிடையாது என்பதோ, யாழ்ப்பாணம் போக நினைத்தவர் கொழும்பு போய்த் திரும்பி வடக்கே வரவேண்டியிருந்தது என்பதோ அதில் சேராது. தூரம் மாறவே இல்லை, விமானத்தின் வேகமும் கூடிக்கொண்டே வந்தது, ஆனால் பயண நேரம் மட்டும் ஒரு தலைமுறைக்கு மேல் நீண்டுகொண்டே போனது. எப்படி? அதைத்தான் இந்தப் பதிவில் கொஞ்சம் விரிவாகப் பார்க்கப் போகிறேன்.

முதலில் வரைபடம். சென்னை, யாழ்ப்பாணம், கொழும்பு மூன்றும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில், 80 டிகிரியை ஒட்டி இருக்கின்றன. பள்ளிக்கூட அட்லஸ் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மீனம்பாக்கத்திலிருந்து கட்டுநாயக்க (கொழும்பு) விமான நிலையத்துக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால், அந்தக் கோடு யாழ்ப்பாண நகரத்துக்கு மேலேயே போகிறது. அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்துக் கணக்குப் போட்டால் நகரத்தின் மையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான் விலகல். பாதி வழியைக் கொஞ்சம் தாண்டியதும் யாழ்ப்பாணம் வந்துவிடும். சென்னை–கட்டுநாயக்க 646 கி.மீ. அங்கே இறங்கி, புத்தளம் வழியாகவோ கண்டி வீதி வழியாகவோ பஸ் பிடித்து, அதே கோட்டின் நடுப்பகுதிக்குத் திரும்பி வரவேண்டும். விமானமும் சாலையும் சேர்த்து ஆயிரம் கிலோமீட்டர் ஆகிவிடும். அதாவது 356 கி.மீ. தூரத்தில் இருக்கிற வீட்டுக்கு ஆயிரம் கி.மீ. பயணம். விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு, சாலையில் எட்டு மணி நேரம் சொச்சம். இது நல்ல காலத்துக் கணக்கு. கெட்ட காலத்துக் கணக்குக்கு அப்புறம் வருகிறேன்.

திருச்சியை எடுத்தால் இன்னும் வேடிக்கை. திருச்சி–பலாலி நேர்தூரம் சுமார் 184 கி.மீ. பலாலி–கட்டுநாயக்க சுமார் 290 கி.மீ. யாழ்ப்பாணத்துக்காரருக்குக் கொழும்பைவிடத் திருச்சி நூறு கிலோமீட்டர் கிட்டம்.

இந்த நெருக்கம் விமானத்தால் வந்ததில்லை. ஆறுமுக நாவலர் 1864-இல் சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் திறந்தபோதும், சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானபோதும் (1857) ஆகாய மார்க்கம் ஏது? கடல்தான். தோணியிலும் பாய்க்கப்பலிலும் வந்து போனார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு போட் மெயில் வந்தது. எழும்பூரில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார், அங்கிருந்து மறுபடியும் ரயில். யாழ்ப்பாணம் போகிறவர்கள் மதவாச்சி ஜங்ஷனில் வண்டி மாறி வடக்கே போவார்கள். காங்கேசன்துறை வரைக்கும் 1905-லேயே தண்டவாளம் போட்டாயிற்று. (வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல் ஒன்று 1938-இல் அமெரிக்கா வரைக்கும் போன கதையும் இருக்கிறது. அது தனிப் பதிவுக்கு.)

ஆகாயத்துக்கு வருவோம். கொழும்புக்குத் தெற்கே ரத்மலானையில் விமானத் திடல் அமைத்தபோது, 1935 நவம்பர் 27 அன்று அங்கே முதன்முதலாக வந்து இறங்கியது சென்னையிலிருந்து போன ஒரு சின்ன விமானம். மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் டிண்டேல்-பிஸ்கோ ஓட்டிப் போன பஸ் மாத். 1938-இல் டாடாவின் தபால் விமான சேவையைத் திருச்சி வழியாகக் கொழும்பு வரைக்கும் நீட்டினார்கள். ஆக, இலங்கையின் ஆகாய வழி திறந்ததே இந்தப் பக்கத்திலிருந்துதான். இரண்டாம் உலகப்போர் வந்ததும் பிரிட்டிஷ் விமானப்படை பலாலியில் ஒரு ஓடுபாதை போட்டது. அதுவரை அது வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டக் காணி. வெங்காயமும் புகையிலையும் வாழையும் விளைகிற மண். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போர் முடிந்தது. 1947 டிசம்பர் 10. இந்தியா சுதந்திரமடைந்து நான்கு மாதம் ஆகவில்லை, இலங்கைக்குச் சுதந்திரம் வர இன்னும் எட்டு வாரம். ஏர் சிலோனின் முதல் பயணிகள் விமானம் அன்றைக்குத்தான் கிளம்பியது. போன பாதை: ரத்மலானை – காங்கேசன்துறை – மெட்ராஸ். காங்கேசன்துறை என்று அட்டவணையில் போட்டாலும் இறங்கியது பலாலித் திடலில். விமானம் டிசி-3, நாம் டக்கோட்டா என்று சொல்வது. ஏர் சிலோனிடம் அப்போது இருந்தது மூன்று டக்கோட்டா. சீதா தேவி, விகாரமகா தேவி, சுனேத்ரா தேவி என்று பெயர் வைத்திருந்தார்கள். முதல் பயணத்துக்குப் போனது சீதா தேவி. இலங்கையிலிருந்து கடல் தாண்டி வருகிற விமானத்துக்கு சீதை பெயர் வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்!

ஒரு நாட்டின் விமான நிறுவனத்தின் முதல் பயணமே யாழ்ப்பாணத்தில் நின்றுதான் சென்னைக்கு வந்தது என்பதை இப்போது சொன்னால் நிறைய பேர் நம்புவதில்லை. ஆனால் அந்தக் காலத்தில் அது ஆச்சரியமே இல்லை. சின்ன விமானம், வழியில் ஊர், பயணிகள் இருக்கிறார்கள், இறங்கி ஏற்றிக்கொண்டு போகிறார்கள். பஸ் நிறுத்தம் மாதிரி.

டக்கோட்டா மணிக்கு 270, 280 கி.மீ. வேகத்தில் பறக்கும். 356 கி.மீ. தூரத்துக்கு ஒன்றே கால் மணியும் சில நிமிடங்களும். இப்போது சென்னை–யாழ்ப்பாணம் பறப்பது ஏடிஆர்-72. வேகம் மணிக்கு 500 கி.மீ. வரை வரும். ஆனால் ஓடுபாதையில் ஊர்ந்து, மேலே ஏறி, இறங்கி, எல்லாம் சேர்த்து அட்டவணையில் போடுவது ஒன்றே கால் மணி நேரத்தை ஒட்டித்தான். முக்கால் நூற்றாண்டு வித்தியாசத்தில், பயணிக்குக் கிடைத்த லாபம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. குறுகிய தூரத்தில் வேகத்துக்குப் பெரிய மரியாதை கிடையாது.

சரி, நடுவில் என்ன ஆனது? ஒரே நாளில் கதவு மூடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1948-இல் இலங்கையில் குடியுரிமைச் சட்டமும், அதே வருஷம் குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் வந்தன. அதுவரை பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இரண்டு கரை என்று இருந்தது, இப்போது பாஸ்போர்ட்டும் விசாவும் கேட்கிற இரண்டு நாடு. முதல் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக ஆக்கியது. இரண்டாவது, சும்மா போய் வந்துகொண்டிருந்த எல்லாரையும் வெளிநாட்டவர் ஆக்கியது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறி, எண்பதுகளில் போர் தொடங்கும் வரைக்கும் தலைமன்னாருக்குப் போய் வந்தது. ஏர் சிலோன் டக்கோட்டாவிலிருந்து ஆவ்ரோவுக்கு மாறியது. அந்த ஆவ்ரோ விமானம் 1978 செப்டம்பர் 7 அன்று ரத்மலானையில் குண்டு வெடித்து நாசமானது. ஜெயவர்த்தனாவின் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாள் அது. அடுத்த வருஷம் ஏர் சிலோனுக்குப் பதிலாக ஏர் லங்கா வந்தது. அதன் கவனம் கட்டுநாயக்கவில். ஜெட் காலத்தில் பெரிய நிலையம் ஒன்று போதும், சின்னச் சின்ன இடங்களில் நின்று போவது கட்டுப்படியாகாது என்பது உலகம் முழுக்க நடந்த கதைதான். அதனால் எல்லாப் பழியையும் அரசியல் தலையில் போட முடியாது. ஆனால் மற்ற ஊர்களில் கட்டுப்படியாகாமல் நின்றது, மறுபடி கட்டுப்படியானபோது திரும்பி வந்தது. பலாலியில் அதற்குள் பட்டாளம் வந்து உட்கார்ந்துவிட்டது.

1984 ஆகஸ்ட் 2. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்து 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொழும்பு போகிற ஏர் லங்கா விமானத்தில் ஏற்றுவதற்காகக் கொண்டுவந்த பெட்டிகள் அவை. கொழும்பில் வெடிக்க வேண்டியது சென்னையில் வெடித்தது. அந்த இரவில் இறந்தவர்களை நாம் அநேகமாக மறந்தே போய்விட்டோம். நம் ஊரில் யாரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டது குறைவு.

இனிமேல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம். சாதாரண ஆளுக்கு சென்னை–யாழ்ப்பாணம் விமானம் இல்லாத அந்த வருஷங்களில் இந்தியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானங்கள் வராமல் இல்லை. 1987 ஜூன் 4, பெங்களூரிலிருந்து கிளம்பிய ஐந்து ஏஎன்-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் துணைக்கு வர, யாழ்ப்பாணத்தின்மேல் பாராசூட்டில் சுமார் 25 டன் உணவும் மருந்தும் போட்டன. பூமாலை நடவடிக்கை என்று பெயர். அதற்கு முந்தின நாள் ராமேஸ்வரத்திலிருந்து படகுகளில் அனுப்பிய பொருட்களை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பியிருந்தது. ஜூலை 29-இல் ராஜீவ்–ஜெயவர்த்தனா ஒப்பந்தம். உடனே இந்திய அமைதிப்படை விமானம் விமானமாகப் பலாலியில் வந்து இறங்கியது. அக்டோபரில் யாழ்ப்பாண நகரத்தைப் பிடிக்கிற சண்டைக்கு அதே பலாலிதான் தளம். 1990 மார்ச்சில் கடைசிச் சிப்பாய் திரும்பிப் போகும் வரைக்கும் பாக் நீரிணைக்கு மேலே அந்த நேர்கோடு திறந்துதான் இருந்தது. டிக்கெட் வாங்கிப் போகிறவருக்குத்தான் கிடையாது.

மக்கள் எப்படி வந்தார்கள்? படகில். 1983-க்குப் பிறகு லட்சக்கணக்கானோர் மன்னார்க் கரையிலிருந்து இரவில் கிளம்பி ராமேஸ்வரம், தனுஷ்கோடி மணல்திட்டுகளில் வந்து இறங்கினார்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர் கடல். அதைத் தாண்டும்போது மூழ்கிப் போனவர்கள் உண்டு, சுடப்பட்டவர்கள் உண்டு. வந்தவர்களைக் கொண்டுபோய் வைத்தது மண்டபம் முகாமில். அந்த முகாமின் வரலாறு கொஞ்சம் தெரிந்தால் நெஞ்சு கனக்கும். இங்கிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போனவர்களை நிறுத்தி வைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவதற்காக அமைத்த இடம் அது. ஒரு காலத்தில் போகிறவர்களுக்கு, இன்னொரு காலத்தில் வருகிறவர்களுக்கு.

கெட்ட காலத்துக் கணக்கு என்று சொன்னேன் இல்லையா, இதோ. 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியதும் யாழ் தேவி ரயில் நின்றது. ஏ9 வீதி 2002 வரை பொதுமக்களுக்கு ஒழுங்காகத் திறக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே வர கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் தாண்டினார்கள், பிறகு திருகோணமலைக்குக் கப்பலில் போனார்கள், பணமும் ராணுவ அனுமதியும் இருந்தவர்கள் பலாலியிலிருந்து ரத்மலானைக்குச் சின்ன விமானத்தில் போனார்கள். அப்படிப் போன லயன் ஏர் விமானம் ஒன்றை 1998 செப்டம்பர் 29 அன்று மன்னாருக்கு வடக்கே கடலுக்கு மேல் புலிகள் சுட்டு வீழ்த்தினார்கள். அதில் இருந்த 55 பேரும் போய்விட்டார்கள். பயணிகள் பெரும்பாலும் தமிழர்கள். வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளைப் பார்க்க விசா எடுக்கவும் கொழும்பு போனவர்கள். சென்னைக்கு வருவதென்றால் இவ்வளவையும் தாண்டிக் கட்டுநாயக்கவுக்கு வந்து, அதற்கப்புறம்தான் அந்த ஒன்றரை மணி நேர விமானம். வழியில் எத்தனை நாள் என்பது யாருடைய அனுமதி எப்போது கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது.

இதில் கடிகாரமும் ஒரு சங்கதி. இன்று இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம். ஆனால் 1996 மே மாதம் மின் பற்றாக்குறையைக் காரணம் சொல்லி இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. அக்டோபரில் அரை மணி நேரம் பின்வாங்கியது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. அந்தப் பத்து வருஷம் சென்னை–கொழும்பு டிக்கெட்டைப் பார்த்தால் போகும்போது இரண்டு மணி நேரத்தை நெருங்குகிற மாதிரியும், திரும்பும்போது ஒரு மணி நேரம்கூட ஆகாத மாதிரியும் தெரியும். புலிகள் தங்கள் கட்டுப்பாட்டுப் பகுதியில் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை, பழைய நேரத்திலேயே இருந்தார்கள். அதனால் ஓமந்தையைத் தாண்டினால் கைக்கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னால் திருப்ப வேண்டும். கிளிநொச்சியில் மணி என்னவோ அதுவேதான் சென்னையிலும், ஆனால் கொழும்பில் வேறு. போக முடியாத ஊரோடு ஒத்துப்போகிற நேரம்!

2009-இல் போர் முடிந்தது. 2014 அக்டோபரில் யாழ் தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. விமானம் வர இன்னும் ஐந்து வருஷம் ஆனது. 2019 அக்டோபர் 17 அன்று, ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, பலாலி 'யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்' என்று திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் அன்று வந்து இறங்கியது. நவம்பர் 11-இலிருந்து டிக்கெட் விற்றுச் சேவை. நான்கு மாதம்தான் ஓடியது, கொரோனா வந்து நிறுத்திவிட்டது. உலகமே மறுபடி பறக்க ஆரம்பித்த பிறகும் பலாலி திறக்கவில்லை. 2022 டிசம்பர் 12-இல்தான் மறுபடி தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது, 2025 மார்ச் கடைசியில் திருச்சி–யாழ்ப்பாணமும் வந்தது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பலும் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது.

கல்யாணப் பட்டு எடுக்க தி. நகர் வருகிறவர்கள், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், சிதம்பரம் போகிறவர்கள், கனடாவிலிருந்து சென்னையில் இறங்கி ஊருக்குப் போகிறவர்கள், இப்படித்தான் அந்த விமானம் நிறைகிறது. வயசானவர்களுக்கு இது சாதாரண வசதி இல்லை. முட்டி தேய்ந்த ஒருவரை எட்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார வைப்பதும், ஒன்றே கால் மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்ப்பதும் ஒன்றா? அறுவை சிகிச்சைக்கு வரலாமா வேண்டாமா என்பதையே அது தீர்மானிக்கும். அதனால் இந்தச் சேவை வந்ததில் எனக்கு முழு மகிழ்ச்சிதான்.

ஆனால் பலாலி மண்ணைப் பற்றிச் சொல்லாமல் இந்த மகிழ்ச்சியை மட்டும் சொல்வது சரியாக இருக்காது. 1990 ஜூனில் பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை, தெல்லிப்பழை என்று வலிகாமம் வடக்கு மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். விமானத் தளத்தைப் பாதுகாக்க என்று சுற்றிலும் உயர் பாதுகாப்பு வலயம். செம்மண் தோட்டங்கள், வீடுகள், கோயில்கள், பள்ளிக்கூடங்கள், மயிலிட்டி மீன்பிடித் துறைமுகம் எல்லாம் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம். மல்லாகத்துக்குப் பக்கத்தில் கோணப்புலம் முகாமில் தகரக் கொட்டகைகளில் கால் நூற்றாண்டு இருந்தவர்கள் உண்டு. அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டவர்களும் உண்டு. சொந்த ஊர் பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. இந்தத் தூரத்துக்கு எந்த இணையதளக் கணக்கைப் போடுவது?

போர் முடிந்த பிறகு துண்டு துண்டாக நிலத்தை விட்டார்கள். மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் திரும்பக் கிடைத்தது. இன்னும் விடாத காணிகளுக்காக மக்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அங்கேதான் சிக்கல். இப்போது ஏடிஆர் மாதிரிச் சின்ன விமானம்தான் பலாலிக்கு வந்து போகிறது. 150, 180 பேர் ஏறுகிற ஜெட் வந்தால்தான் டிக்கெட் விலை இறங்கும், துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் நேராகப் போகலாம் என்று யாழ்ப்பாணத்திலேயே நிறைய பேர் கேட்கிறார்கள். நியாயமான ஆசை. அதற்கு நிலையத்தைப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்க நிலம் வேண்டும். அந்த நிலம் கடற்கரைப் பொறம்போக்கு இல்லை, வலிகாமம் வடக்குக்காரர்கள் 1990-இல் விட்டுவிட்டு வந்த காணி. உறுதிகளை பெட்டிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு இடத்துக்கு இடம் மாறியவர்கள் அவர்கள். விமானத்தில் சென்னைக்கு வந்து போகிறவர்களில் சிலரும் அவர்களுடைய சொந்தக்காரர்கள்தான்.